மனச்சோர்வுக்கு மருந்து தொடங்குகிறவர்களுக்கு: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாழ்கிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். என் அக்காவுக்கு மனச்சோர்வு என்று உறுதியான நாளிலிருந்து, முதல் மருந்து ஒத்துக்கொள்ளாமல் வேறு மருந்துக்கு மாறி, அவர் மீண்டும் வேலைக்குப் போகும்வரை எல்லாச் சந்திப்புகளுக்கும் உடன் சென்றவள் நான். மருந்தின் விலை எங்களை வருத்தவில்லை. எங்கே தொடங்குவது, எந்தக் கவுன்டரில் எதைக் காட்டுவது, பலன் தெரிய எத்தனை வாரம் பொறுப்பது என்பதை முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லாததுதான் வருத்தியது. எந்த மருந்து, எவ்வளவு அளவு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார். அந்த மருத்துவரிடம் போய்ச் சேரவும், மருந்தை இடையில் கைவிடாமல் இருக்கவும் தேவையானவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் கீழே உள்ள வரிசையைப் பார்க்க வேண்டாம். நேராக அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள். பேசுவதற்கு ஒருவர் வேண்டுமென்றால் பெஃப்ரண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் சேவையின் 15555, தாலியான் காசேவின் 15999 ஆகிய எண்கள் உள்ளன. தமிழில் பேச வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் வழக்காகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லாமல் இருக்காதீர்கள்.

1. முதலில் போக வேண்டிய இடம் அரசாங்கக் கிளினிக்

மனநல மருத்துவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நினைத்து ஈப்போவுக்குப் பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. அது தேவையில்லை. உங்கள் ஊரிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானில் இருக்கும் மருத்துவரே மனச்சோர்வைப் பரிசோதிக்கலாம், சாதாரண நிலையில் மருந்தும் தொடங்கலாம். நிலைமை கடுமையாக இருந்தாலோ, மருந்துக்குப் பலன் தெரியாவிட்டாலோ, அவரே பரிந்துரைக் கடிதம் எழுதி மனநல நிபுணரிடம் அனுப்புவார். நம் வட்டாரத்துக்கு அது பெரும்பாலும் ஈப்போவிலுள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையாக இருக்கும். சமூகத்துக்குள்ளேயே சிகிச்சையும் மறுவாழ்வும் தரும் மென்தாரி மையங்களும் நாட்டில் இயங்குகின்றன. உங்களுக்கு அருகில் எது என்று கிளினிக்கிலேயே கேளுங்கள்.

நம்மவர்கள் அதிகம் பயப்படுவது, பழைய மனநல மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊரின் பெயருக்குத்தான். கிளினிக்கில் மனம் சரியில்லை என்று சொன்னாலே அங்கே கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள் என்று தோட்டத்தில் இன்றும் சொல்கிறார்கள். மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் வெளிநோயாளிகளாகவே வந்து, மருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள். ஒருவரை அவர் விருப்பமின்றி மருத்துவமனையில் வைப்பதற்கு 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் தனி நிபந்தனைகள் உள்ளன. தமக்கோ பிறருக்கோ ஆபத்து நேரக்கூடிய நிலைக்கானவை அவை. தூக்கம் வரவில்லை, எதிலும் மனம் செல்லவில்லை என்று சொல்வதற்காக யாரையும் அடைத்து வைக்க மாட்டார்கள்.

தோட்ட டிஸ்பென்சரியில் உள்ளவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் இந்த மருந்துகளைத் தொடங்கும் இடம் அதுவல்ல. அங்கே போனால் கிளினிக்குக்கு அனுப்பும்படி கேளுங்கள்.

2. எடுத்துச் செல்ல வேண்டியவை

அடையாள அட்டை கட்டாயம். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை அழைத்துச் செல்வதானால் பிள்ளையின் மைகிட் அல்லது மைகாட்டுடன் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு, தாயோ தந்தையோ நேரில் செல்ல வேண்டும். பாட்டியோ மாமாவோ மட்டும் போனால் ஒப்புதல் கையெழுத்துக்காகத் திருப்பி அனுப்பக்கூடும். சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிகளும், வெளிநாட்டுக் கடப்பிதழ் வைத்திருக்கும் மனைவி அல்லது கணவரும், திருமணச் சான்றிதழின் நகலையும் உடன் வைத்துக்கொண்டு, பதிவுக் கவுன்டரிலேயே தங்களுக்கான கட்டணத்தைக் கேட்டுவிடுவது நல்லது.

அதைவிட முக்கியமானது, இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள், மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரைகள், சித்த மருந்து, ஜாமு, யாரோ கொடுத்த பெயர் ஒட்டாத மாத்திரைகள் எல்லாமே அதில் இருக்க வேண்டும். பெயரை நினைவில் வைத்துச் சொல்ல முயல்வதைவிட உறையைக் காட்டுவது பாதுகாப்பானது. இரத்த உறவில் யாருக்காவது மனநோய் இருந்திருந்தால், குறிப்பாக அளவுக்கு மீறிய உற்சாகமும் பின்னர் கடும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோய் இருந்திருந்தால், அதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நோய் உள்ளவருக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் மனம் அளவு மீறி எழும்பிவிடும் அபாயம் இருப்பதால், இந்த ஒரு செய்தி சிகிச்சையையே மாற்றக்கூடியது.

3. கேள்வித்தாளும் மருத்துவரின் அறையும்

காலையில் கதவு திறக்கும்போதே போய் எண் எடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடலாம், தொழுகைக்காக மதிய இடைவேளை நீளமாக இருக்கும். பதிவுக் கவுன்டரில் காரணம் கேட்டால், பின்னால் வரிசையில் நிற்கும் தோட்டத்துக்காரர்கள் காதில் விழும்படி எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. தூக்கம் வரவில்லை, மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சொன்னால் போதும்.

பரிசோதனையில் ஒரு கேள்வித்தாள் கொடுப்பார்கள். கடந்த ஒரு வாரத்தைப் பற்றி 21 கேள்விகள் கேட்கும் தாளாகவோ, கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி 9 கேள்விகள் கேட்கும் தாளாகவோ அது இருக்கலாம். பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் கையில் வரும். தமிழ்த் தாள் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால், புரியாத வரியை யூகித்து நிரப்பாமல் தாதியிடம் விளக்கம் கேளுங்கள். அம்மாவுக்காக மகன் நிரப்பும்போது, அம்மா தயங்கும் கேள்விகளுக்கெல்லாம் மகனே 'இல்லை' என்று குறித்துவிடுகிறான். அப்படி வெட்கத்தில் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டால், தாளின்படி நீங்கள் நலமாக இருக்கிறீர்கள். மருத்துவருக்கு உங்களைப் பற்றி வேறெதுவும் தெரியாது.

நம் ஆட்கள் மனத்தைப் பற்றிச் சொல்லாமல் உடம்பைப் பற்றியே சொல்வார்கள். தலைப்பாரம், நெஞ்சுப் படபடப்பு, வயிற்றெரிச்சல், உடம்பு வலி என்று சொன்னால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாத்திரை கிடைக்கும், மூலம் அப்படியே இருக்கும். இந்த வலிகளோடு சேர்த்து, எத்தனை வாரமாக இருக்கிறது, எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, சாப்பாடு குறைந்ததா, வேலைக்கு எத்தனை நாள் போகவில்லை, சாக வேண்டும் என்று தோன்றியதா என்பதை நேராகச் சொல்லுங்கள். மலாயில் சொல்ல வேண்டியிருந்தால் 'சாயா ரசா முருங்' என்ற ஒரு வாக்கியம் போதும், மருத்துவர் அங்கிருந்து கேட்டுக்கொண்டு போவார். மது, கள், போதை தரும் கெத்தும் இலைத் தண்ணீர் குடிக்கும் பழக்கத்தை மறைக்கவே கூடாது. கேட்பது திட்டுவதற்காக அல்ல, மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்காக.

இரத்தச் சோகை, தைராய்டு குறைபாடு ஆகியவையும் இதே சோர்வைத் தரக்கூடியவை என்பதால் இரத்தப் பரிசோதனை எழுதித் தரலாம். அதைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.

4. செலவு

நீல அடையாள அட்டை உள்ள குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் 1 ரிங்கிட், மருந்தும் அதற்குள் அடக்கம். அரசாங்கக் கிளினிக்கின் பரிந்துரைக் கடிதத்தோடு நிபுணரிடம் போனால் முதல் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை, அதற்குப் பிறகு ஒவ்வொரு சந்திப்புக்கும் 5 ரிங்கிட். தனியார் மருத்துவரின் கடிதத்தோடு போனால் முதல் சந்திப்புக்கு 30 ரிங்கிட். ஆகவே அவசரமில்லையென்றால் அரசாங்கக் கிளினிக் கடிதமே சிக்கனமானது.

தனியார் மனநல நிபுணரிடம் போவதானால் ஒரு சந்திப்புக்கே நூற்றுக்கணக்கான ரிங்கிட் ஆகும், மருந்து தனி. காத்திருக்கும் நாள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் இந்த மருந்துகள் மாதக்கணக்கில் எடுக்க வேண்டியவை. மூன்றாவது மாதம் பணம் இல்லாமல் நிறுத்துவதைவிட, தொடக்கத்திலேயே நெடுநாள் தாங்கக்கூடிய இடத்தில் தொடங்குவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. கடன் வாங்கித் தனியாரிடம் தொடங்காதீர்கள்.

உண்மையான செலவு பயணத்திலும் இழந்த சம்பளத்திலும் இருக்கிறது. அதற்கு 7-ஆவதும் 8-ஆவதும் படிகளைப் பாருங்கள்.

5. மருந்தோடு அறையை விட்டு வெளியேறும் முன்

மருந்தின் பெயரை உங்கள் கையால் எழுதிக்கொள்ளுங்கள். செர்ட்ராலின், ஃபுளுவோக்சமின், எஸ்சிட்டலோபிராம், ஃபுளுவோக்செடின் ஆகியவை பரவலாகத் தொடங்கப்படும் வகையைச் சேர்ந்தவை. தூக்கமும் பசியும் குறைந்தவர்களுக்கு மிர்டசாபைன் கொடுக்கலாம், பழைய வகையான அமிட்ரிப்டிலினும் உண்டு. பிறகு மருந்தாளரிடம் இவற்றைக் கேளுங்கள்: காலையிலா இரவிலா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, முதல் வாரம் பாதி மாத்திரையா முழு மாத்திரையா, ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது, எந்த அறிகுறிக்குத் திரும்பி வர வேண்டும். மறந்த வேளைக்காக அடுத்த வேளையில் இரண்டாகச் சாப்பிடுவது கூடாது.

இதோடு தூக்கத்துக்கோ படபடப்புக்கோ இன்னொரு சிறு மாத்திரை கொடுத்தால், அது எத்தனை நாளுக்கு என்று கட்டாயம் கேளுங்கள். லோராசெபம், அல்பிராசோலம், டயசெபம் போன்றவை உடனே பலன் தருவதால் நோயாளிக்கு அவைதான் 'நல்ல மருந்து' என்று தோன்றும். ஆனால் பழக்கமாகிவிடக்கூடியவை அவைதான். மனச்சோர்வுக்கான மருந்தோ மெதுவாக வேலை செய்யும், ஆனால் அந்த வகையான போதைப் பழக்கத்தை உண்டாக்காது. மெதுவானதை விட்டுவிட்டு வேகமானதை மட்டும் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டின் உறையிலும் எது எதற்கு என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

மருந்துக்கடையில் வாங்கும் பொருள்களில் கவனம் தேவை. ஐபுபுரோஃபென், டைக்லோஃபெனாக், பொன்ஸ்டான் போன்ற வலி மாத்திரைகள் செர்ட்ராலின் வகையோடு சேரும்போது இரைப்பையில் இரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பைக் கூட்டும். டிரமடோலும், டெக்ஸ்ட்ரோமெத்தோர்ஃபான் உள்ள இருமல் மருந்தும் வேறு வகையில் ஆபத்தானவை. உடம்பு வலிக்குப் பனடோல் போதுமா என்று மருந்தாளரிடம் கேட்டுவிட்டே வாங்குங்கள். கெத்தும் இலையும் இந்தப் பட்டியலில் முன்வரிசையில் உள்ளது.

கருவுற்றிருந்தாலோ, கருத்தரிக்க முயன்றாலோ, பாலூட்டினாலோ சொல்லுங்கள். இடையில் கரு உண்டானால் பயத்தில் தானாக நிறுத்தாமல் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

6. முதல் ஆறு வாரம்

பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். மாத்திரை சாப்பிட்ட முதல் நாட்களில் குமட்டல், தலைவலி, வாய் உலர்வு, அதிக வியர்வை, தூக்கக் கலக்கம் அல்லது தூக்கமின்மை வரலாம். முதல் வாரத்தில் படபடப்பு சிலருக்குக் கூடவும் செய்யும். பலனோ இரண்டு முதல் நான்கு வாரங்களில்தான் தெரியத் தொடங்கும், முழுமையாகத் தெரிய ஆறு வாரம்வரை ஆகலாம். அதாவது தொந்தரவு முதலில் வருகிறது, நன்மை பின்னால் வருகிறது. இதை முன்கூட்டி அறியாதவர் பத்தாம் நாளில் 'இந்த மருந்து எனக்கு ஆகாது' என்று முடிவு கட்டிவிடுகிறார். வீட்டில் ஒரு காலண்டரில் தொடங்கிய நாளையும், நான்காவது, ஆறாவது வாரங்கள் முடியும் நாட்களையும் வட்டமிடுங்கள்.

குமட்டலுக்குச் சாப்பாட்டுக்குப் பின் எடுப்பது உதவும். காலையில் எடுக்கும் மாத்திரை மயக்கம் தந்தால், இரவுக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். ரப்பர்ப் பால் வெட்டுக்காக விடியுமுன் எழுகிறவர் தூக்கம் தரும் மாத்திரையை நள்ளிரவில் எடுத்தால் காலையில் எழ முடியாது, மாலையிலேயே எடுக்கும் நேரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். செம்பனைக் குலை வெட்டுகிறவர், டிராக்டரோ லாரியோ ஓட்டுகிறவர், மருந்து தொடங்கிய முதல் நாட்களில் தலைச்சுற்றல் இல்லை என்று தெரியும்வரை அந்த வேலையிலிருந்து விலகி இருக்க வேண்டும். நம் வெயிலில் வியர்வை கூடும்போது தண்ணீரும் கூட வேண்டும். வயதானவர்களுக்கு இந்த மருந்துகளால் இரத்தத்தில் உப்பின் அளவு குறையக்கூடும். அவர்கள் திடீரென்று குழம்பிப் பேசினால் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

இன்னொன்றை ஆண்களும் பெண்களும் வெளியே சொல்வதில்லை. இந்த வகை மருந்துகளில் பல தாம்பத்திய ஆசையையோ உடலின் இயக்கத்தையோ குறைக்கலாம். அதனாலேயே சொல்லாமல் மருந்தை நிறுத்துகிறவர்கள் பலர். அளவைக் குறைப்பதோ வேறு மருந்துக்கு மாற்றுவதோ முடியும் என்பதால் மருத்துவரிடம் சொல்லுங்கள். எதிரில் பெண் மருத்துவர் இருந்தால் ஆண்கள் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுக்கலாம்.

இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களைத் தொடக்க வாரங்களில் தனியே விடாதீர்கள். இந்த வயதில் மருந்தின் தொடக்கத்திலும் அளவு மாறும்போதும் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்ற எச்சரிக்கை உலகெங்கும் மருந்து உறைகளில் இருக்கிறது. அமைதியின்மை, தூங்காமல் நடமாடுவது, திடீர்க் கோபம், பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது ஆகியவற்றைக் கண்டால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள். மாத்திரைகளை ஒருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள். களைக்கொல்லியும் வீட்டுக்குள் இருக்கவே கூடாது.

7. மருந்து தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது

சந்திப்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருந்தாலும் மருந்து பெரும்பாலும் ஒரு மாதத்துக்கே கிடைக்கும், மீதியை மாதந்தோறும் போய் வாங்க வேண்டும். ஈப்போ மருத்துவமனையின் மருந்தை உங்கள் ஊர்க் கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ள எஸ்.பி.யு.பி. என்ற ஏற்பாடு இருக்கிறது. மருத்துவமனையின் மருந்தகக் கவுன்டரில் அந்தப் பெயரைச் சொல்லி, எந்தக் கிளினிக் என்று குறிப்பிட்டுப் பதிந்துகொள்ளுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் யாரும் தாமாகச் சொல்லாமலும் போகலாம். மருந்தைத் தபாலில் பெறும் ஏற்பாடும் உண்டு, தபால் செலவு உங்களுடையது. ஆனால் லயத்து வீடுகளில் தபால் தோட்ட அலுவலகத்துக்குப் போய்விடும் என்றால், மருந்துப் பொட்டலம் யார் கையில் கிடைக்கும் என்று யோசித்து முடிவு செய்யுங்கள்.

கையில் ஏழு நாளுக்கான மாத்திரை மீதமிருக்கும்போதே வாங்கப் போவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் விடுமுறைகளுக்கு முன் இது இன்னும் அவசியம். ஊர்க் கிளினிக்கில் அந்த மருந்து வந்து சேர்வதற்குச் சில நாள் ஆகலாம் என்பதால், மாற்றிப் பதிந்த முதல் மாதம் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. மாத்திரையை 30 பாகை செல்சியஸுக்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். தகரக் கூரையை ஒட்டிய அலமாரியும், வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் இருக்கைப் பெட்டியும் அதற்கு ஏற்றவை அல்ல.

8. எம்.சி.யும் சம்பளமும்

சந்திப்புக்குப் போன நாளுக்கு எம்.சி. எனும் மருத்துவ விடுப்புச் சான்று தானாகக் கிடைக்காது. மருந்து வாங்கவோ ஆலோசனைக்கோ போனால் நேரச் சீட்டு மட்டும் கொடுப்பார்கள், அது வந்துபோன நேரத்தைக் காட்டும் சான்று மட்டுமே. அதற்குச் சம்பளம் உண்டா என்று போகும் முன்பே தோட்ட அலுவலகத்தில் கேளுங்கள். உண்மையிலேயே வேலை செய்ய முடியாத நிலை என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லி எம்.சி. கேட்க வேண்டும். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் இருப்பவருக்கு 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் சேர்த்தால் 60 நாள்வரை உண்டு. மனநோய் என்பதற்காக இந்த நாட்கள் குறையாது. நோயின் பெயரை எம்.சி.யில் விரிவாக எழுத வேண்டாம் என்று மருத்துவரைக் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை, தோட்ட மேற்பார்வையாளரான மண்டோரிடம் தாள் போகும்போது எல்லாரும் படிப்பார்கள் என்பது நமக்குத் தெரிந்ததே. எம்.சி. தாள் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

9. வீட்டார், விரதம்

செய்வினை, கண்ணேறு என்று சொல்லிப் பூசாரியிடமோ, போமோ எனும் மலாய் மந்திரவாதியிடமோ அழைத்துப் போகும் பெரியவர்களோடு சண்டை போட வேண்டாம். மாரியம்மன் கோவிலுக்குப் போவதை எந்த மருத்துவரும் தடுக்கவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க விரதம் இருப்பவர் ஒரு வேளை உணவோடு மாத்திரையை எப்படிச் சேர்ப்பது என்று விரதம் தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். விரத நாட்களில் மருந்தை விட்டுவிடுவது வேண்டவே வேண்டாம்.

10. நிறுத்தும் காலம்

மனம் தெளிந்துவிட்டது என்று உணரும் மாதமே நிறுத்துவதற்கு மிகத் தவறான மாதம். முதன்முறை மனச்சோர்வு வந்தவர், குணம் தெரிந்த பிறகும் ஏறத்தாழ ஆறு முதல் ஒன்பது மாதம் அதே அளவில் தொடர வேண்டும் என்பதே பொதுவான வழிகாட்டுதல். மீண்டும் மீண்டும் வந்தவருக்கு இது இன்னும் நீளும். திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், விநோதக் கனவுகள், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு ஆகியவை வரலாம். வென்லாஃபாக்சினிலும் பாரொக்செடினிலும் இது அதிகம், உடலில் நெடுநாள் தங்கும் ஃபுளுவோக்செடினில் குறைவு. இவற்றைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்றும், மருந்துக்கு அடிமையாகிவிட்டோம் என்றும் இரண்டு விதமாகவும் பயப்படுகிறார்கள். சரியான வழி, மருத்துவர் எழுதித் தரும் கால அட்டவணைப்படி வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ படிப்படியாகக் குறைப்பது. ஒவ்வொரு குறைப்புக்கும் தேதி போட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். பெருநாள் காலத்திலும், வீடு மாறும்போதும், பிள்ளைகளின் தேர்வு நேரத்திலும் குறைப்பைத் தொடங்க வேண்டாம் என்று நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.

மருந்து முற்றிலும் நின்ற பிறகும் குறித்துக் கொடுத்த சந்திப்புகளுக்குச் செல்லுங்கள். தூக்கமின்மையும் விடியற்கால விழிப்பும் இரண்டு வாரம் தொடர்ந்தால் காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போய்ப் பழைய சந்திப்புப் புத்தகத்தைக் காட்டுங்கள். எந்த மருந்து, எந்த அளவில் ஒத்துக்கொண்டது என்பது அதில் இருக்கும், தேடல் மறுபடி முதலிலிருந்து தொடங்காது. அந்தப் புத்தகத்தைப் பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் அதே கோப்பில் வையுங்கள்.